பழைய இன்டெல் மேக்புக் ஏரில் லினக்ஸ் மின்ட் நிறுவுவது எப்படி

2013 முதல் 2017 வரை வெளியான இன்டெல் மேக்புக் ஏர்களில் பல இன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. அவற்றின் அலுமினிய உடல் உறுதியாக இருக்கிறது, விசைகள் சரியாக இறங்குகின்றன, டச்பேட் இப்போது கடைக்கு வரும் பல புதிய மடிக்கணினிகளுடையதைவிட நன்றாக வேலை செய்கிறது. ஆனால் 2013, 2014 மாடல்களுக்கு பிக் சர் பதிப்போடும், 2015, 2017 மாடல்களுக்கு மான்டெரே பதிப்போடும் ஆப்பிளின் இயங்குதளமான மேக்ஓஎஸ் நின்றுவிட்டது. மான்டெரேக்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்களும் 2024-இல் முடிந்துவிட்டன, பிரவுசர்களும் ஒவ்வொன்றாகப் பழைய மேக்ஓஎஸ்களைக் கைவிட்டு வருகின்றன. வன்பொருள் உழைக்கும் நிலையில் இருக்கும்போது மென்பொருள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கணினியைக் குப்பையில் போடுவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கணினிகளைப் பற்றி ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மேக்ஓஎஸ்ஸுக்கு மாற்றாக லினக்ஸ் என்ற திறந்தமூல இயங்குதளத்தை, இங்கே அதன் மின்ட் என்ற வடிவத்தை, நிறுவுவது இவற்றில் எளிது. செயலி, கிராஃபிக்ஸ், ஒலி, சேமிப்பகம் எல்லாம் இன்டெல் அடித்தளத்தில் இருப்பதால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அவற்றைத் தானாகவே அறிந்துகொள்கிறது. ஆப்பிள் தன் இயங்குதளத்தை மட்டும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்த இரண்டு சிப்புகள்தான் தொல்லை தருகின்றன. ஒன்று பிராட்காம் வைஃபை, மற்றொன்று கேமரா. இவற்றில் கேமரா இல்லாமல் காலம் தள்ளலாம், வைஃபை இல்லாமல் முடியாது. எனவே இணையத்துக்கு மாற்று வழி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குபவர்களுக்கு எல்லாம் ஒரு மாலைக்குள் முடிந்துவிடும்.

உங்கள் மாடலை உறுதி செய்தல்

திரையின் இடது மேல் மூலையில் உள்ள ஆப்பிள் சின்னத்தைச் சொடுக்கி, இந்த மேக்கைப் பற்றிய தகவலைத் திறந்தால் மாடல் ஆண்டும் ரேம் அளவும் தெரியும். ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர் கூட்ட முடியாது. 8 ஜிபி இருந்தால் மின்ட்டின் சின்னமன் பதிப்பைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம். 4 ஜிபி மட்டும் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பே நல்லது, ஏனெனில் பிரவுசரில் நான்கைந்து தாவல்கள் திறந்ததும் நினைவகம் நிரம்பத் தொடங்கும், அப்போது மேசைச்சூழல் (சாளரங்களும் மெனுக்களும் கொண்ட திரை அமைப்பு) எவ்வளவு குறைவாக எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இந்த வழிகாட்டி 2013 முதல் 2017 வரையிலான ஏர்களுக்கு மட்டுமே பொருந்தும். 2018 முதல் 2020 வரையிலான இன்டெல் ஏர்களில் டி2 என்ற பாதுகாப்புச் சிப் இருக்கிறது. அவற்றில் வெளி பென்டிரைவிலிருந்து தொடங்குவதற்கே மேக்ஓஎஸ் மீட்புச் சூழலுக்குள் சென்று அனுமதி தர வேண்டும், உள் விசைப்பலகை வேலை செய்யவும் திருத்தப்பட்ட கெர்னல் வேண்டும். எம்1, எம்2 சிப் கொண்டவற்றுக்கு அசாஹி லினக்ஸ் திட்டத்தின் தனி நிறுவி இருக்கிறது, அதை மேக்ஓஎஸ்ஸுக்குள் இருந்தே இயக்க வேண்டும். இவ்விரண்டும் வேறு பாதைகள், இங்கே சொல்லப்படும் முறையை அவற்றில் முயல வேண்டாம்.

இரண்டாம் கையாக வாங்கப்போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனையை அவசியம் செய்ய வேண்டும். கணினியை அணைத்து, ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தபடி இயக்குங்கள். பூட்டுச் சின்னமும் கடவுச்சொல் கேட்கும் கட்டமும் வந்தால் அதில் ஃபர்ம்வேருக்கு (கணினியைத் தொடங்கிவைக்கும் உள்நிரலுக்கு) கடவுச்சொல் போடப்பட்டிருக்கிறது என்று பொருள். அது தெரியாமல் பென்டிரைவிலிருந்து எதையும் தொடங்க முடியாது, அதை நீக்கவும் வாங்கிய ரசீதோடு ஆப்பிளின் சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும். விற்பவர் உங்கள் கண் முன்னே அதை நீக்கித் தராவிட்டால் வாங்காமல் இருப்பதே நல்லது. அதோடு சிஸ்டம் தகவலில் பேட்டரியின் சார்ஜ் சுழற்சி எண்ணிக்கையையும் பாருங்கள். இந்த ஏர்களின் பேட்டரியை 1000 சுழற்சிகளுக்கென்று ஆப்பிள் வகுத்திருக்கிறது. அந்த எண்ணை நெருங்கியிருந்தால் புதிய பேட்டரியின் விலையையும் சேர்த்தே பேசி முடியுங்கள். பேட்டரி ஒட்டப்படாமல் திருகுகளால் பொருத்தப்பட்டிருப்பதால், அடித்தட்டின் பென்டலோப் திருகுகளுக்கும் பேட்டரியின் டார்க்ஸ் திருகுகளுக்கும் உரிய திருப்புளிகள் இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம்.

மேக்ஓஎஸ்ஸை விட்டு வெளியேறும் முன்

முதல் வேலை, உங்கள் மாடல் ஏற்கும் கடைசி மேக்ஓஎஸ் வரை புதுப்பித்துவிடுவது. அழிக்கப்போகும் இயங்குதளத்தை எதற்காகப் புதுப்பிக்க வேண்டும் என்று தோன்றலாம். டெல், லெனோவோ போன்ற நிறுவனங்களின் கணினிகள் பலவற்றுக்கு லினக்ஸுக்குள் இருந்தே ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வழி உண்டு. ஆப்பிளோ தன் ஃபர்ம்வேர் புதுப்பிப்புகளை மேக்ஓஎஸ்ஸோடு சேர்த்துத்தான் தருகிறது. உதாரணமாக, பிற்காலத்தில் அடாப்டர் வைத்துச் சாதாரண என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்த நினைத்தால், அதிலிருந்து தொடங்கும் திறன் ஹை சியரா என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு வந்த ஃபர்ம்வேரில்தான் சேர்க்கப்பட்டது. லினக்ஸுக்கு மாறிய பிறகு இந்த வாய்ப்பு கையை விட்டுப் போய்விடும்.

அடுத்தது தரவு. மேக்ஓஎஸ்ஸின் டைம் மெஷின் காப்பு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது ஆப்பிளின் கோப்பு முறைமையில், ஆப்பிளின் அமைப்பில் எழுதப்பட்டது. ஏபிஎஃப்எஸ் என்ற ஆப்பிளின் கோப்பு முறைமையைப் படிக்கும் வசதி லினக்ஸ் கெர்னலில் இல்லை, தனி நிரல்களை நிறுவிப் படிப்பது எப்போதும் ஒழுங்காக அமைவதில்லை. மேக்ஓஎஸ், லினக்ஸ் இரண்டும் படிக்கும் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த ஒரு வெளி டிஸ்க்கில் கோப்புகளைச் சாதாரணக் கோப்புகளாகவே நகலெடுத்துக்கொள்ளுங்கள். புகைப்படங்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஃபோட்டோஸ் செயலியின் நூலகத்தை அப்படியே நகலெடுத்தால் லினக்ஸில் பெயர் புரியாத அடைவுகளின் குவியல்தான் மிஞ்சும், ஆகவே எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து, கோப்பு மெனுவில் உள்ள திருத்தப்படாத மூலப்படங்களை ஏற்றுமதி செய்யும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். எல்லாம் முடிந்ததும் ஐகிளவுடிலிருந்து வெளியேறி, ஃபைண்ட் மை மேக்கை அணைத்துவிடுங்கள்.

மேக்ஓஎஸ்ஸை வைத்துக்கொள்வதா, முழுதாக நீக்குவதா என்பது எஸ்எஸ்டியின் அளவைப் பொறுத்தது. 128 ஜிபி என்றால் முழுதாக நீக்கிவிடுங்கள். அதற்குள் இரண்டு இயங்குதளங்களை அடைத்தால் இரண்டுமே ஓயாமல் இடம் கேட்கும். 256 ஜிபி இருந்து, மேக்ஓஎஸ்ஸில் மட்டும் ஓடும் செயலி ஏதேனும் தேவைப்பட்டால், டிஸ்க் யூட்டிலிட்டியில் ஏபிஎஃப்எஸ் பகுதியைச் சுருக்கி, எக்ஸ்ஃபேட் முறையில் புதிய பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்குங்கள். மின்ட்டின் நிறுவியால் ஏபிஎஃப்எஸ்ஸைச் சுருக்க முடியாது என்பதால் இதை மேக்ஓஎஸ்ஸில் இருக்கும்போதே செய்தாக வேண்டும். நீக்கிய பிறகு மனம் மாறினாலும் கவலையில்லை. கமாண்ட், ஆப்ஷன், ஆர் மூன்றையும் பிடித்தபடி இயக்கினால், காலியான எஸ்எஸ்டியிலும் இணையம் வழியாக மேக்ஓஎஸ்ஸை மீண்டும் நிறுவிக்கொள்ளும் வசதி ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது.

பென்டிரைவ் தயாரித்தல்

மின்ட்டின் தளத்திலிருந்து நிறுவலுக்கான ஐஎஸ்ஓ கோப்பையும், கோப்பு பழுதின்றி வந்ததா என்று பார்ப்பதற்காக அதே பக்கத்தில் தரப்பட்டிருக்கும் ஷா-256 சரிபார்ப்புத் தொகையையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் வந்த 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் செயலியைத் திறந்து, ஷாசம் கட்டளையை 256 என்ற அளவுத் தேர்வோடு (shasum -a 256) தட்டச்சு செய்து, ஒரு இடைவெளி விட்டு, ஐஎஸ்ஓ கோப்பை இழுத்து டெர்மினல் சாளரத்தின் மேல் போட்டால் அதன் முழுப் பாதையும் தானாக வந்துவிடும். என்டர் தட்டியபின் வரும் 64 இலக்கத் தொகை தளத்தில் உள்ளதோடு முழுமையாகப் பொருந்த வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் கோப்பை மறுபடி பதிவிறக்குங்கள்.

8 ஜிபி பென்டிரைவ் போதும். எட்சர் செயலியில் கோப்பையும் பென்டிரைவையும் தேர்ந்தெடுத்து எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்தவுடன் இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று மேக்ஓஎஸ் ஒரு எச்சரிக்கை காட்டும். அது லினக்ஸ் அமைப்பைப் புரிந்துகொள்ளாததால் வருவது, பிழையன்று. அங்கே வெளியேற்று என்ற பொத்தானை மட்டும் அழுத்துங்கள், இனிஷியலைஸ் என்பதைத் தொட்டால் எழுதியது அழிந்துவிடும்.

தொடக்கமும் நிறுவலும்

மேக்கில் பயாஸ் அமைப்புத் திரை கிடையாது, அதற்குப் பதிலாக ஆப்ஷன் விசைதான் எல்லாம். பென்டிரைவைச் செருகி, கணினியை இயக்கியவுடன் ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். சாம்பல் நிறத் திரையில் உள் எஸ்எஸ்டியின் சின்னமும், அதன் அருகில் இஎஃப்ஐ பூட் என்ற பெயரோடு மஞ்சள் நிற டிஸ்க் சின்னமும் வரும். சில சமயம் அப்படி இரண்டு மஞ்சள் சின்னங்கள் தெரியும், ஒன்றில் தொடங்காவிட்டால் மற்றொன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்த மாடல்களில் செக்யூர் பூட் (அங்கீகரிக்கப்படாத இயங்குதளங்கள் தொடங்குவதைத் தடுக்கும் பூட்டு) இல்லாததால், விண்டோஸ் மடிக்கணினிகளில் அதை முன்னிட்டுச் செய்ய வேண்டிய வேலை எதுவும் இங்கே இல்லை.

மின்ட் பென்டிரைவிலிருந்தே ஓடத் தொடங்கும். உடனே நிறுவலுக்குப் பாயாமல் சற்று நேரம் அதைச் சோதித்துப் பாருங்கள். ஒலி வருகிறதா, திரை வெளிச்சம் மாறுகிறதா, விசைப்பலகையின் பின்னொளி கூடிக் குறைகிறதா என்று பாருங்கள். வைஃபை பட்டியல் காலியாக இருக்கும், அதற்குப் பின்னர் வருவோம். இப்போதைக்கு ஒரு ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, கைபேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்பில், அதன் இணையத்தைக் கேபிள் வழியாகக் கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். கணினிக்கு அது கம்பி வழி இணைப்பாகத் தெரியும், எந்த டிரைவரும் (வன்பொருளை இயக்கும் நிரலும்) வேண்டாம். இங்கே கேபிள் முக்கியம், ஏனெனில் சார்ஜ் மட்டும் செய்யும் மலிவான கேபிள்களில் தரவுக் கம்பி இருக்காது.

நிறுவியைத் தொடங்கி, மல்டிமீடியா கோடெக்குகளை (பாடல், காணொளிக் கோப்புகளை இயக்க உதவுபவை) சேர்க்கும் கட்டத்தில் குறியிடுங்கள். மேக்ஓஎஸ் வேண்டாம் என்றால் டிஸ்க்கை முழுதாக அழித்து நிறுவும் தேர்வை எடுங்கள். வெளியில் எடுத்துச் செல்லும் கணினி என்பதால், மேம்பட்ட தேர்வுகளுக்குள் சென்று கடவுச்சொல் இல்லாமல் டிஸ்க்கைப் படிக்க முடியாதபடி செய்யும் குறியாக்கத்தையும் இயக்கிவிடுங்கள். மேக்ஓஎஸ் இருக்க வேண்டும் என்றால் வேறு ஏதோ என்ற கடைசித் தேர்வை எடுத்து, முன்பு உருவாக்கிய எக்ஸ்ஃபேட் பார்ட்டிஷனை மட்டும் நீக்கி, அந்த இடத்தில் எக்ஸ்ட்4 முறையில் புதிய பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, அதை ரூட்டாக (இயங்குதளம் தங்கும் மூலப் பகுதியாக, / என்ற குறியோடு) அமையுங்கள். 200 எம்பி அளவுள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யவே கூடாது, ஆப்பிளின் ஃபர்ம்வேர் புதுப்பிப்புகள் அதைப் பயன்படுத்துகின்றன, மின்ட்டின் தொடக்கக் கோப்புகளும் அதற்குள்தான் இருக்கும்.

மறுதொடக்கத்தில் நேராக மேக்ஓஎஸ்ஸோ கேள்விக்குறி கொண்ட அடைவுச் சின்னமோ வந்தால் திகைக்க வேண்டாம். மறுபடி ஆப்ஷன் திரைக்குச் சென்று, கன்ட்ரோல் விசையைப் பிடித்தபடி இஎஃப்ஐ பூட் சின்னத்தைத் தேர்ந்தெடுங்கள், இனி அதுவே இயல்பான தேர்வாக நிலைத்துவிடும்.

வைஃபை

இந்த ஏர்களில் இருப்பது பிராட்காமின் பிசிஎம்4360 என்ற சிப். கெர்னலோடு வரும் திறந்தமூல டிரைவர்கள் எதுவும் இதை இயக்குவதில்லை. இணையத்தில் பலர் பரிந்துரைக்கும் பி43 டிரைவரும் இதற்கு ஆகாது, அதை நிறுவி நேரத்தை வீணாக்காதீர்கள். ஏருக்கு வேண்டியது பிராட்காமே வெளியிட்ட டபிள்யூஎல் என்ற மூடிய (மூலநிரல் முழுதாக வெளியிடப்படாத) டிரைவர். அதன் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது. அதற்குப் பிறகு பிராட்காம் அதைக் கவனிக்கவில்லை, கெர்னல் மாறும்போதெல்லாம் டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வடிவங்களின் பராமரிப்பாளர்கள்தான் ஒட்டுப்போட்டு அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். பத்தாண்டு பழைய இந்த வன்பொருள் இன்றும் இணையத்தில் இருப்பது அவர்கள் உழைப்பால்தான்.

கைபேசி டெதரிங்கில் இணைந்தபடி, முதலில் அப்டேட் மேனேஜரில் எல்லாப் புதுப்பிப்புகளையும் நிறுவி, மறுதொடக்கம் செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். டிரைவர் தற்போதைய கெர்னலுக்கு ஏற்பக் கணினியிலேயே தொகுக்கப்படுகிறது, ஆகவே கெர்னல் புதுப்பிப்பை முடித்துவிட்டுத் தொகுப்பதே நல்லது. பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் பெயரோடு ஒரு சாதனம் பட்டியலில் இருக்கும். அதற்குக் கீழே சாதனத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்ற தேர்வும், பரிந்துரைக்கப்பட்டது என்ற குறிப்போடு ஒரு டிரைவரும் தெரியும். பரிந்துரைக்கப்பட்டதைத் தேர்ந்து மாற்றங்களைச் செயல்படுத்துங்கள். தொகுப்பு முடிய ஓரிரு நிமிடங்கள் ஆகும், அதுவரை மூடியைச் சாத்தாமல் காத்திருந்து பின் மறுதொடக்கம் செய்யுங்கள். டெதரிங் வசதி இல்லாதவர்கள் நிறுவிய பென்டிரைவையே செருகினால், அதிலிருந்து இந்த டிரைவரை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் டிரைவர் மேனேஜரில் உண்டு.

வைஃபை பட்டியல் வந்த பிறகும் வீட்டு இணைப்பு மட்டும் ஒட்ட மறுத்தால் ரவுட்டரின் அமைப்பைப் பாருங்கள். டபிள்யூஎல் டிரைவருக்கு, வைஃபை பாதுகாப்பின் புதிய முறையான டபிள்யூபிஏ3 தெரியாது. ரவுட்டரில் அது மட்டும் இயக்கப்பட்டிருந்தால், டபிள்யூபிஏ2-வையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றுங்கள். இந்த டிரைவரை விரும்பாதவர்கள், கெர்னலிலேயே ஆதரவுள்ள சிறிய யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். ஒரு யூஎஸ்பி துளை போனாலும், கெர்னல் மாற்றங்களைப் பற்றிய கவலை அத்தோடு தீரும்.

தூக்கம், விசிறி, கேமரா

மூடியைச் சாத்தினால் தூங்க வேண்டும், திறந்தால் எழ வேண்டும். இந்த மாடல்களில் சில சமயம் தூங்கிய மறுநொடியே கணினி விழித்துக்கொள்கிறது. பைக்குள் வைத்த கணினி சூடாகி, பேட்டரியும் தீர்ந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ப்ராக் அடைவுக்குள் ஏசிபிஐ அடைவில் வேக்அப் என்ற கோப்பை (/proc/acpi/wakeup) திறந்து பார்த்தால், கணினியை எழுப்பும் உரிமை பெற்ற சாதனங்களின் பட்டியல் இருக்கும். அதில் எக்ஸ்எச்சி1 (XHC1) என்பது யூஎஸ்பி கட்டுப்படுத்தி. அந்தப் பெயரை ரூட் உரிமையோடு (கணினி நிர்வாகியின் முழு உரிமையோடு) அதே கோப்பில் எழுதினால் எழுப்பும் உரிமை நீங்கும், மறுபடி எழுதினால் திரும்ப வரும். ஒவ்வொரு தொடக்கத்திலும் இது பழைய நிலைக்கே போய்விடுவதால், ரூட்டின் கிரான்டேபில் (crontab, தானாக ஓட வேண்டிய கட்டளைகளின் பட்டியல்) தொடக்கத்தின்போது ஓடும் ஒரு வரியாக இதைச் சேர்த்துவிடுங்கள். உள் விசைப்பலகையும் யூஎஸ்பி வழியாகவே இணைந்திருப்பதால் இதற்குப் பின் விசையைத் தட்டி எழுப்ப முடியாமல் போகலாம். மூடியைத் திறந்தாலோ ஆற்றல் பொத்தானை அழுத்தினாலோ எழும்.

வெப்பநிலை ஏறியும் விசிறி மெதுவாகவே சுற்றுவதாகத் தோன்றினால், மென்பொருள் களஞ்சியத்தில் உள்ள எம்பிபிஃபேன் என்ற சிறு நிரலை நிறுவுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது மிகவும் உதவும்.

2013 முதல் வந்த ஏர்களின் ஃபேஸ்டைம் எச்டி கேமரா, சாதாரண வெப்கேமராக்களைப் போல யூஎஸ்பியில் இல்லாமல் பிசிஐ எக்ஸ்பிரஸில் இணைந்திருக்கிறது. தன்னார்வலர்கள் அதன் செயல்பாட்டைத் துருவி ஆராய்ந்து ஃபேஸ்டைம்எச்டி என்ற டிரைவரை எழுதியிருக்கிறார்கள். அதற்கு வேண்டிய ஃபர்ம்வேரை ஆப்பிளின் மென்பொருள் தொகுப்பிலிருந்து நீங்களே பிரித்தெடுக்க வேண்டும், கெர்னல் மாறும்போது டிரைவரையும் திரும்பத் தொகுக்க வேண்டியிருக்கும். அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. ஆயினும் இணைய வகுப்புக்கோ அலுவலகக் கூட்டத்துக்கோ தினமும் கேமரா தேவைப்படுபவர்கள் யூஎஸ்பி வெப்கேமரா ஒன்றை வாங்குவதே நல்லது என்பேன்.

தமிழில் எழுத

மேக்ஓஎஸ்ஸில் அஞ்சல், தமிழ் 99 ஆகிய இரு உள்ளீட்டு முறைகளும் கூடவே வருவதால், அவற்றில் பழகியவர்களுக்கு மாறிய முதல் நாளிலேயே கை தடுமாறும். மின்ட்டின் விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ்நெட் 99 என்ற தளவமைப்பு இருந்தாலும் அதை எடுக்க வேண்டாம். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற அளவில் நின்றுவிடும், ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலெழுத்துக்குத் தானாகப் புள்ளி வைக்கும் தமிழ் 99 விதி அதில் நடக்காது. உள்ளீட்டு முறைகள் அமைப்பில் ஐபஸ் (IBus) என்ற உள்ளீட்டு நிரலைத் தேர்ந்து, பல மொழிகளின் உள்ளீட்டு முறைகள் அடங்கிய அதன் எம்17என் (m17n) தொகுப்பையும் நிறுவி, அதிலுள்ள தமிழ் 99-ஐ எடுத்தால் எல்லா விதிகளும் ஒழுங்காக வேலை செய்யும். அஞ்சலில் பழகியவர்களுக்கு அதே தொகுப்பின் ஒலிப்பு முறை ஓரளவு நெருங்கி வரும், சில எழுத்துகளுக்கு மட்டும் விசை மாறும். மேக்ஓஎஸ்ஸோடு வரும் இணைமதி எழுத்துரு இங்கே இருக்காது என்பதால், அதில் அமைத்த பழைய ஆவணங்கள் நோட்டோ எழுத்துருவில் திறக்கும்போது வரிகளும் பக்கங்களும் இடம் மாறும். அச்சுக்குப் போக வேண்டியவற்றை மேக்கில் இருக்கும்போதே பிடிஎஃப்பாக எடுத்துவையுங்கள்.

புதுப்பிப்புகளின்போது

எல்லாம் ஓடத் தொடங்கியதும், இயங்குதளத்தின் நிலையைச் சேமித்துவைக்கும் டைம்ஷிஃப்ட் செயலியில் ஒரு பதிவு எடுத்துவிடுங்கள். அன்றாடப் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆனால் கெர்னல் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குத் தாவும்போது மட்டும் நிதானம் தேவை. புதிய கெர்னலுக்கு டபிள்யூஎல் டிரைவரைத் தொகுக்க முடியாமல் போனால், மறுதொடக்கத்துக்குப் பின் வைஃபை காணாமல் போகும். அப்போது கணினியை மறுபடி இயக்கி, தொடக்கத்தில் எஸ்கேப் விசையைத் தட்டி, தொடக்கத் தேர்வுகளைக் காட்டும் கிரப் மெனுவை வரவழைத்து, மேம்பட்ட தேர்வுகளுக்குள் சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள், வைஃபை திரும்பிவிடும். பின் அப்டேட் மேனேஜரின் பார்வை மெனுவில் உள்ள லினக்ஸ் கெர்னல்கள் பகுதியைத் திறந்து, தொல்லை தந்த கெர்னலை நீக்கிவிட்டு, டிரைவருக்கான திருத்தம் வரும்வரை பழைய வரிசையிலேயே இருங்கள். அந்தப் பகுதியில் பழைய கெர்னல்களை நீக்கும்போதும், வைஃபை ஒழுங்காக ஓடியதென்று உறுதியாகத் தெரிந்த ஒன்றையாவது எப்போதும் விட்டுவையுங்கள்.